மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் தங்குவதில்லை: 1,000 ரூபாய் ஏற்றினால் போதுமா?

கோத்தகிரி நிர்வாகம் கேட்டது:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் 48 படுக்கை கொண்ட அறக்கட்டளை மருத்துவமனை. ஆண், பெண், பிரசவ வார்டுகள் சேர்த்து 40 படுக்கை, ஐ.சி.யு. 4, கேஷுவல்டி (அவசரப் பிரிவு) 4. பிரசவ அறை தனி. ஆபரேஷன் தியேட்டர் ஆட்களை விட்டுவிட்டால் ஸ்டாஃப் நர்ஸ் 24 பேர். வார்டில் சராசரியாக 28 நோயாளிகள் இருப்பார்கள்.

கடந்த 12 மாதத்தில் 11 பேர் வேலையை விட்டுவிட்டார்கள். வருஷத் தொடக்கத்தில் இருந்த 24 பேரில் 19 பேர் இன்னும் இருக்கிறார்கள். புதிதாக எடுத்தது 11 பேர். அதில் 6 பேர் நாலு மாதம்கூடத் தாண்டவில்லை.

புதியவர்களுக்குச் சம்பளம் 16,000. தங்குமிடம் இலவசம், சாப்பாட்டுக்கு 1,500 பிடித்தம். இரண்டு வருஷ பாண்ட் உண்டு, அசல் சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கும். ஷிஃப்ட் காலை 7.30 முதல் 2, மதியம் 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 7.30. ரோஸ்டரை ஞாயிறு மாலை ஒட்டுவோம், அது திங்கள் காலையிலிருந்து நடப்பு.

போகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் காரணம் பெரும்பாலும் திருமணம், அல்லது வீட்டில் உடல்நிலை. எல்லாருக்கும் மாதம் 1,000 ஏற்றலாம் என்று அறங்காவலர்கள் சொல்கிறார்கள். வருஷத்துக்கு 2,88,000 ஆகும். அதே பணத்தை வேறெதிலாவது போட்டால் கூடப் பலன் இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புள்ள எழுதியது:

முதலில் அந்த 11-ஐ இரண்டாகப் பிரியுங்க சார். 11-ஐ 24-ஆல் வகுத்தால் 46 சதவீதம். கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் பதறுவாங்க, ஆனால் என்ன செய்யணும்னு அந்த எண் சொல்லாது. பழைய ஆட்களில் 24-க்கு 19 பேர் இருக்காங்க, 79 சதவீதம். அது ஒன்றும் மோசமில்லை. காலியானது வெறும் 5 இடம். அந்த 5 இடத்துக்கு 11 பேரைச் சேர்த்து, 6 பேரைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. ஒழுகுவது சேர்க்கிற இடத்தில்தான். எல்லாருக்கும் 1,000 கொடுத்தால் பெரும்பகுதி எப்படியும் இருக்கப்போகிற 19 பேருக்குப் போகும். அவங்களுக்குக் கொடுக்கவேண்டாம்னு சொல்லலை. இந்த ஒழுகலை அது அடைக்காது, அவ்வளவுதான்.

ஒரு தாளில் நாலு பத்தி போடுங்க: சேர்ந்த தேதி, விட்ட தேதி, கடைசியாக இருந்த வார்டு, விடுவதற்கு முந்தைய 30 நாளில் பார்த்த நைட் எத்தனை. 6 பேருக்கு இதை எழுத அரை மணி நேரம் ஆகாது. நாலாவது பத்தியை எழுதி முடிக்கும்போதே பாதி விடை தெரிஞ்சிடும்.

"திருமணம்"னு எழுதிக் கொடுப்பது மரியாதைக்கு. அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் உங்க கையில் இருக்கிற வரைக்கும் எந்தப் பெண்ணும் உண்மையை எழுதாது. எல்லாத்தையும் கொடுத்து முடித்து மூணு மாதம் கழித்து, அலுவலகத்தில் இல்லாத ஒருத்தர், அவங்க மதிக்கிற மூத்த சிஸ்டர் யாராவது, போன் போட்டுக் கேட்கணும். "திரும்ப வரணும்னா எது மாறணும்?" இந்த ஒரு கேள்வி போதும்.

இருக்கிறவங்களிடம் கேட்க, அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் ஐலீன் லேக் வேலைச் சூழல் பற்றி 2002-ல் வெளியிட்ட 31 கேள்விப் பட்டியல் இருக்கு. அஞ்சு பகுதி: மருத்துவமனை முடிவுகளில் நர்ஸுக்குள்ள பங்கு, பராமரிப்பின் தரம், மேலாளரின் ஆதரவு, ஆள் மற்றும் பொருள் போதுமா, டாக்டர்களோடு உறவு. உங்க இடத்தில் இருப்பது 24 பேர்தான், கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரிஞ்சிடும். அதனால் டிக் மட்டும் போடச் சொல்லுங்க. வார்டு பெயரும் சர்வீஸ் வருஷமும் கேட்கவே கேட்காதீங்க.

இழப்பையும் பாருங்க. ஒரு புதிய நர்ஸ் முதல் மாதம் முழு ஆளாகக் கணக்கில் வரமாட்டார், அந்தச் சம்பளம் 16,000. காலி இடத்தை மூடப் போடும் டபுள் டியூட்டி, கூடவே நின்று பழக்கும் சிஸ்டரின் நேரம், விளம்பரம், மறுபடி நேர்காணல். குறைச்சலாகப் போட்டாலும் தலைக்கு 40,000. 11 பேருக்கு 4,40,000. உங்க 2,88,000-ஐ விட இது பெரிசு, ஆனால் எந்த வவுச்சரிலும் வராது.

நைட் இன்சார்ஜ் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் 24 பேர் போதும்னு யார் முடிவு பண்ணினது? கணக்கு போட்டுப் பாருங்க.

ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிற்கணும்னா வருஷத்துக்கு 8,760 மணி. ஒருத்தர் வேலைக்கு வரும் நாள்: 365-ல் வார ஆஃப் 52, கேஷுவல் லீவ் 12, ஈட்டிய விடுப்பு 15, உடம்பு சரியில்லாதது 10, பண்டிகை 10 கழித்தால் 266. நாளுக்கு 8 மணி வீதம் 2,128 மணி. வகுத்தால் 4.1. அதாவது ஒரு இடத்துக்கு நாலுக்கு மேல் ஆள் வேணும். மூணு ஷிஃப்ட், மூணு ஆள்னு போடும் ஆஸ்பத்திரியில்தான் லீவு கேட்டால் சண்டை வருது. லீவில் போகிறவங்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆள் வைக்கணும்னு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது சும்மா இல்லை.

உங்க 24-ஐ 4.1-ஆல் வகுத்தால் எந்த நேரத்திலும் 5.8 பேர். ஐ.சி.யு.வுக்கு 2, கேஷுவல்டிக்கு 1, பிரசவ அறைக்கு 1 போனால் வார்டில் இருப்பது ரெண்டு பேருக்கும் குறைவு. 28 நோயாளிக்கு ரெண்டு பேர், ஆளுக்கு 14. பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒருத்தர் என்பது நம்ம நாட்டிலேயே உள்ள அளவு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கன் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் வேலை வெறுத்துப்போகும் வாய்ப்பு 15 சதவீதமும், ஒரேயடியாகச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், நோயாளி 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுது. அங்கே நாலு, ஆறு, எட்டு என்று பேசிக்கிட்டிருந்தாங்க. நாம 14-ல் நிற்கிறோம்.

அளவுப்படி வார்டுக்கு 5, மற்றதுக்கு 4, ஆக 9 இடம், 37 நர்ஸ். உடனே முடியாது, தெரியும். ஆனால் 4 பேரைக் கூட்டினால் இரவு பகல் எந்நேரமும் ஒருத்தர் கூடுதலாக இருப்பார். வார்டில் 14 என்பது 10 ஆகும். முதல் படி அதுதான்.

அதுக்கு முன்னாடி, பணமே இல்லாமல் சரிசெய்யக்கூடியவை.

நைட் முடிகிற நாளை வார ஆஃப்னு எழுதுறீங்களா? பல இடத்தில் இதுதான் நடக்குது. காலை 7.30-க்கு டியூட்டி முடிஞ்சு, அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்து, கேஸ்ஷீட் எழுதி 8.30-க்கு வெளியே வருகிற பெண்ணுக்கு அன்னிக்கு ஆஃப்னா, அவள் தூங்குவதுதான் ஆஃப். மறுநாள் காலை டியூட்டி. ரெண்டு மாதம் இப்படிப் போனால் யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டுவாங்க.

மதியம் 2 முதல் 8 பார்த்தவரை மறுநாள் காலை 7.30-க்குப் போடாதீங்க. ஹேண்ட் ஓவர் முடிய 8.30, ஹாஸ்டல், சாப்பாடு, படுக்க 11. குறைந்தது 12 மணி இடைவெளி இருக்கணும். காலை, மதியம், நைட், ஆஃப் என்று முன்னோக்கிச் சுற்றினால் இது தானாக அமையும். பின்னோக்கிச் சுற்றினால் எப்பவும் இடிக்கும்.

ஞாயிறு மாலை ஒட்டி திங்கள் நடப்பு என்பது ரோஸ்டரே இல்லை, உத்தரவு. ரெண்டு வாரம் முன்னாடி ஒட்டுங்க. வேண்டுகோள் நோட்டு ஒன்று தொங்கவிடுங்க, ஆளுக்கு மாதம் ரெண்டு நாள் கேட்கலாம்னு. மாற்றிக்கொள்வது அவங்களுக்குள் இருக்கட்டும், இன்சார்ஜ் கையெழுத்து மட்டும் போதும்.

அடுத்தது ரெஃபரல். மலையில் இதுதான் பெரிய ஓட்டை. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு கேஸை கோயம்புத்தூர் அனுப்பணும். உங்க ஆம்புலன்ஸில் வார்டு சிஸ்டர் ஏறுவார். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ஒப்படைத்து, பனிமூட்டத்தில் திரும்ப 5, 6 மணி நேரம். அதுவரை 28 பேருக்கு ஒரே நர்ஸ். போன பெண்ணுக்கு வளைவில் வாந்தி, திரும்பி வந்ததும் காலை மருந்து ரவுண்டு. 108 கிடைத்தால் அதில் இருக்கும் மருத்துவ உதவியாளரோடு அனுப்புங்க. கிடைக்காத நாளுக்கு ஹாஸ்டலில் இருப்பவர்களில் ஒருத்தரை "ரெஃபரல் கால்" என்று ரோஸ்டரிலேயே எழுதுங்க. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தொகை, மறுநாள் ஈடு விடுப்பு. வார்டில் இருப்பவரைத் தொடக்கூடாது.

அந்த 6 பேர் விஷயத்தில் என் சந்தேகம் வேற. சேர்ந்து எத்தனையாவது நாள் தனியாக நைட்டில் விட்டீங்க? முதல் வாரம் ஒரு மூத்த சிஸ்டரோடு, எண்ணிக்கையில் சேர்க்காமல். ரெண்டாவது வாரம் 3 நோயாளி. மூணாவது வாரம் 6. நாலாவது வாரம் நைட்டில் கூடுதல் ஆளாக ரெண்டு தடவை. ஆறு வாரம் ஆன பிறகுதான் தனி நைட். கிராஷ் டிராலியின் (அவசர மருந்து வண்டி) எந்தத் தட்டில் அட்ரினலின் இருக்குன்னு தெரியாத பெண்ணை 28 பேரோடு இருட்டில் விட்டால் பயத்திலேயே போயிடும். வீட்டில் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை"ன்னு போன் வரும்.

பந்தலூர் மழை எழுதியது:

ரோஸ்டர், ஹாஸ்டல் எல்லாம் சரி. ஆனால் சம்பளத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவது நிர்வாகங்களுக்குப் பிடித்த விளையாட்டு. அதில் நாமும் சேரவேண்டாம்.

பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட 20,000-க்குக் கீழே கொடுக்கக்கூடாது என்றது. பரிந்துரைதான், மாநிலங்கள் நடைமுறைப்படுத்தவேண்டும். கேரளா 2018-ல் நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அறிவிக்கை போட்டது. பந்தலூரில் இருந்து கேரளாவின் சுல்தான் பத்தேரி எட்டிப்பிடிக்கும் தூரம். நீங்கள் கொடுப்பது 16,000, சாப்பாடு போக 14,500. இது 17,000 ஆனால் யார் இருப்பார்கள்? உங்களிடம் அனுபவம் சேர்ந்ததும் இறங்கிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திறந்துவிட்டார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியப் பட்டியல் வந்தால் இரண்டு மூன்று பேர் போகத்தான் போவார்கள். அதைத் தடுக்க முடியாது. முன்கூட்டியே இரண்டு பேரை அதிகமாக எடுத்து வைக்கத்தான் முடியும்.

20,000-க்கு இப்போது வழியில்லை என்றால் அந்த 2,88,000-ஐ எல்லாருக்கும் சமமாகத் தூவாதீர்கள். நைட் படியாகக் கொடுங்கள். இரவுக்கு 5 பேர், 30 நாள், ஆளுக்கு 150 ரூபாய்: மாதம் 22,500, வருஷம் 2,70,000. உங்கள் தொகைக்குள் அடங்குகிறது. யாருக்கும் பிடிக்காத வேலையைப் பார்ப்பவருக்குப் போகிறது, இஷ்டப்பட்டு நைட் கேட்கும் ஆளும் கிடைக்கும். ஆனால் முழுக்க விருப்பத்துக்கு விட்டால் பணத்தேவை உள்ள இரண்டு பேர் தொடர்ந்து நைட் பார்த்தே உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள். 30 நாளில் 9-க்கு மேல் கிடையாது என்று வரம்பு போடுங்கள். 21,000 வரை சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. உண்டு, ஊழியர் பங்கு 0.75 சதவீதம்தான். அட்டை கையில் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். பிடித்தம் நடக்கும், அட்டை அலுவலக மேஜையில் தூங்கும்.

பாண்டும் சான்றிதழும். பாண்டை மீறினால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடு கேட்கலாம். ஒருவரைப் பிடித்துவைத்து வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. அசல் சான்றிதழைப் பூட்டிவைப்பதை இழப்பீடு என்று சொல்லமுடியாது, அது மிரட்டல். அதனால் நடப்பது என்ன தெரியுமா? விவரமான பெண் நேர்காணலில் முதல் கேள்வியாக "ஒரிஜினல் வாங்குவீங்களா?" என்று கேட்பாள். ஆம் என்றால் வரமாட்டாள். வேறு வழி இல்லாதவள் மட்டும் சேர்வாள், வழி கிடைத்த அன்று போவாள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். நகல் போதும்.

ஈரத்துணி எழுதியது:

யாரும் குளிரைப் பற்றிப் பேசவில்லையே!

வார்டு வாஷ்பேசினில் ஜனவரி ராத்திரி வரும் தண்ணீரில் ஒருமுறை கை கழுவிப் பாருங்கள். சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் யாரும் 10 விநாடிக்கு மேல் நிற்கமாட்டார்கள். கை வெடித்து ரத்தம் கசியும், அதன்மேல் ஸ்பிரிட் பட்டால் உயிர் போகும். பேசினுக்குச் சின்ன கீசர் இணைப்பு ஒன்று, படுக்கை தோறும் ஹேண்ட் ரப், நர்ஸ் மேஜையில் வாசலின் டப்பா. பெரிய செலவில்லை.

ஸ்வெட்டர் இன்னொரு தலைவலி. யூனிஃபார்ம் மேல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிரெஸ்ஸிங் செய்தால் கை நுனி காயத்தில் படும். கழற்று என்று சூப்பர்வைசர் சத்தம் போடுவார், வார்டில் ஹீட்டர் இருக்காது. குளிரில் நடுங்கிக்கொண்டே ஊசி போடுவதா? உள்ளே போட அரைக்கை தெர்மல் இரண்டு, மேலே கையில்லாத கோட்டு ஒன்று ஆஸ்பத்திரியே கொடுக்கட்டும். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது என்ற விதியும் நிற்கும், ஆளும் நிற்பார்.

யூனிஃபார்ம் இரண்டு செட்டா கொடுக்கிறீர்கள்? ஐப்பசி கார்த்திகையில் துணி காய மூன்று நாள் ஆகும். ஈர யூனிஃபார்மோடு டியூட்டிக்குப் போவதை விடக் கேவலமான உணர்வு இல்லை. நான்கு செட் கொடுங்கள். ஹாஸ்டலில் ஒரு சின்ன அறையைக் கொடிகட்டி, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஆயில் ஹீட்டரும் வைத்துக் காயப்போடும் அறை ஆக்குங்கள். நைட் பார்த்து வருகிறவர்களுக்குத் தனி அறையும் கனமான திரையும் வேண்டும். காலை டியூட்டி, மதிய டியூட்டி ஆட்களோடு ஒரே அறையில் போட்டால் பகலில் தூக்கமே வராது.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காய யாரையும் விடாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர் போயிருக்கிறது. வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் சிவக்கும் காயில் ஹீட்டரும் கூடாது.

இரவு 8 மணி ஷிஃப்ட் மாற்றம் பற்றியும் யோசியுங்கள். அந்த நேரம் தேயிலைத் தோட்ட வழியில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். ஹாஸ்டலில் இல்லாமல் ஊரிலிருந்து வருகிறவர் எப்படிப் போவார்? வேன் விடுங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் மூன்றரை லிட்டர் டீசல், மாதம் 10,000 ரூபாய்க்குள். அல்லது மாற்றத்தை 7 மணிக்குக் கொண்டுவந்து கடைசிப் பேருந்தோடு பொருத்துங்கள்.

கூடலூர்க்காரி எழுதியது:

ஒன்றே ஒன்று. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-களிலிருந்து ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்து வேலைக்கு வைத்தது. ஊரும் பாஷையும் குளிரும் அவர்களுக்குப் புதிதில்லை. மலைப்பகுதிப் பணிக்கு அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளைப் படிக்கவைத்து எடுங்கள் என்றுதான் 2021 உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டியும் சொல்கிறது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்கள்), தோட்டங்களில் பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களுக்கு வருஷாவருஷம் நர்சிங் ஃபீஸ் கட்டுங்கள். இன்றே பலன் வராது, நாலு வருஷம் ஆகும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. காப்பீட்டுத் திட்டத்துக்குப் போட்டோ ஏற்றுவது, பார்மசிக்கு ஓடுவது, பில் போடுவது எல்லாம் உங்கள் இடத்தில் யார் வேலை? ஒரு வாரம் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை "இப்போது என்ன செய்கிறேன்" என்று டிக் போடச் சொல்லுங்கள். நர்ஸ் அல்லாத வேலை அதிகமாக வந்தால் நாலு நர்ஸுக்கு முன்னால் ஒரு வார்டு கிளார்க் எடுப்பது மலிவு. தெர்மாமீட்டர் உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உடைந்ததை மறைப்பார்கள், அவ்வளவுதான் கிடைக்கும்.

கோத்தகிரி நிர்வாகம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலு பத்தித் தாளை இன்று எழுதிப் பார்த்தேன். 6 பேரில் 5 பேர் சேர்ந்த மூன்றாவது வாரத்துக்குள் தனி நைட். கடைசி 30 நாளில் குறைந்தது 11 நைட். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சான்றிதழ்களைத் திங்களன்று திருப்பிக் கொடுக்கிறோம். 1,000 ரூபாய் யோசனைக்குப் பதில் நைட் படியை அறங்காவலர்கள் முன் வைக்கிறேன். இரண்டு நர்ஸ், ஒரு வார்டு கிளார்க், நாலு செட் யூனிஃபார்ம் பட்ஜெட்டில் ஏறுகிறது. 20,000 இந்த வருஷம் முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை.

நைட் இன்சார்ஜ் மேடம், ஒரு சந்தேகம். தூக்க நாளைத் தனியாக எழுதினால் ஆள் பற்றாது, ரோஸ்டர் உடையும் என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சொல்கிறார். எப்படிப் போடுவது?

நைட் இன்சார்ஜ் எழுதியது:

உடையாது. ஏழு நைட் தொடர்ந்து போட்டால்தான் உடையும். மூணு நைட்டாகப் பிரியுங்க. ரோஸ்டர் தாளில் ஒருத்தருக்கு வரிசையாக எழுதிக் காட்டுறேன்: கா, கா, ம, ம, நை, நை, நை, தூ, ஆ, ஆ. பத்து நாள் சுற்று. "தூ" என்பது நைட் முடிந்து தூங்கும் நாள், அதை ஆஃப் கணக்கில் எடுக்கக்கூடாது. பத்து நாளில் ஏழு ஷிஃப்ட், ரெண்டு ஆஃப். ராத்திரி பதினொன்றரை மணி நேரம் என்பதால் மணிக்கணக்கில் யாரும் குறைவாக வேலை பார்க்கவில்லை, கூட்டிப் பாருங்க: 13, 12, 34.5, மொத்தம் 59.5 மணி. வாரத்துக்குக் கிட்டத்தட்ட 42. 10 பேரை ஒரு நாள் தள்ளித் தள்ளித் தொடங்கவைத்தால் ஒவ்வொரு ராத்திரியும் சரியாக 3 பேர் வருவாங்க, காலையில் 2, மதியம் 2. உங்க 24 பேரை பத்து பத்தாக ரெண்டு குழு, மீதி 4 பேர் லீவுக்கும் ரெஃபரலுக்கும். முதல் மாதம் பென்சிலில் எழுதச் சொல்லுங்க.